கப்பலில் ஏறுமுன்: அயல்நாட்டுத் துறைமுகங்களில் நடக்கும் கொள்கலன் சோதனை

திருப்பூரில் தைத்த பின்னலாடைகளை ஏற்றிய நாற்பதடிக் கொள்கலன் ஒன்று தூத்துக்குடியில் சிறிய பீடர் கப்பலில் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்குள்ள யார்டில் சில நாள் அடுக்கி வைக்கப்பட்டு, பிறகு அமெரிக்காவுக்குச் செல்லும் தாய்க்கப்பலுக்கு மாறுவது தென்னிந்திய ஏற்றுமதியில் அன்றாடம் நடப்பது. அந்தப் பெட்டிக்கு சீல் வைத்தது இந்தியாவில். அது இப்போது நிற்பது இலங்கை மண்ணில். ஏறப்போகும் கப்பலின் கொடி பனாமாவுடையதாகவோ லைபீரியாவுடையதாகவோ இருக்கலாம். ஆனாலும் அது ஏறலாமா, ஏறுமுன் எக்ஸ்ரே கூடத்துக்குள் போய்வர வேண்டுமா என்ற கேள்வியை முதலில் எழுப்புவது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஒரு சுங்க அலுவலகத்தின் கணினிதான். இந்த ஏற்பாட்டின் பெயர் கொள்கலன் பாதுகாப்பு முன்முயற்சி. அமெரிக்கச் சுங்கத்துறை 2002 சனவரியில் அறிவித்த இத்திட்டம் இன்று 35 நாடுகளில் 61 துறைமுகங்களுக்கு விரிந்திருக்கிறது. கடல்வழியாக அமெரிக்கா செல்லும் கொள்கலன்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இதன் பார்வைக்கு உட்படுகின்றன.

இத்திட்டத்தைப் பற்றிய செய்திகளில் எப்போதும் இயந்திரங்களின் படங்களே இடம்பெறும்: லாரியின் மேல் கவிழ்ந்து நிற்கும் ஸ்கேனர் வளைவு, கதிர்வீச்சை அளக்கும் மஞ்சள் தூண்கள். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால், இந்த ஏற்பாடு பலன் தருவதும் தடுமாறுவதும் வேறு இரண்டு இடங்களில் என்பது தெரியும். ஒன்று, சரக்கைப் பற்றி எழுதித் தரப்படும் தாள். மற்றொன்று, ஏற்றும் நாட்டின் சுங்க அதிகாரி அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விக்குத் தரும் பதில்.

கொள்கலனின் வெற்றியே அதை இடைவழியில் யாரும் திறப்பதில்லை என்பதில் இருக்கிறது. அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 1956 ஏப்ரல் 26 அன்று நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளைச் சுமந்து சென்றபோது, மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் கூலியும் வழியில் நடக்கும் திருட்டும் ஒருசேரக் குறைந்தன. மூடிய பெட்டி மூடியபடியே போய்ச் சேரும் என்ற அந்த நம்பிக்கையின் மேல்தான் அடுத்த அரை நூற்றாண்டின் உலக வணிகம் எழுந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அதே மூடிய பெட்டி அச்சத்துக்கும் காரணமாயிற்று. அப்போது ஆண்டுக்கு 60 லட்சத்தை ஒட்டிய கொள்கலன்கள் கடல்வழியாக அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்தன. அதிகாரிகள் திறந்தோ ஸ்கேன் செய்தோ பார்த்தவை அவற்றில் மிகச் சிறு பங்கு.

அச்சத்துக்கு உருவம் கொடுத்த நிகழ்ச்சிகளும் நடந்தன. 2001 அக்டோபரில் இத்தாலியின் ஜொயா தௌரோ துறைமுகத்தில், எகிப்திலிருந்து வந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகருக்குச் செல்லவிருந்த கொள்கலன் ஒன்றுக்குள் ஒரு மனிதர் பிடிபட்டார். படுக்கை, கழிவறை ஏற்பாடு, கைபேசி, மடிக்கணினி எல்லாம் உள்ளே இருந்தன. பயங்கரவாதத் தொடர்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் கதை கொள்கலன் பாதுகாப்பு பற்றிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப இடம்பிடித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் பலெர்மோ செனட்டர் என்ற கப்பலில் கதிர்வீச்சு தென்பட்டதாகக் கூறி அதை நியூயார்க், நியூஜெர்சி துறைமுகத்திலிருந்து கடலுக்குத் திருப்பியனுப்பி நாள்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் காரணம் பீங்கான் ஓடுகள் என்று தெரிந்தது. களிமண்ணில் இயற்கையாகவே உள்ள கதிரியக்கத் தனிமங்கள் கருவியை அலற வைத்திருந்தன. இந்தக் கடைசி நிகழ்ச்சியில் வேடிக்கையைத் தாண்டி ஒரு பாடம் இருந்தது: கப்பலில் உண்மையிலேயே அணுகுண்டு இருந்திருந்தால், நியூயார்க்கின் வாசலில் அதைக் கண்டுபிடிப்பதால் எந்தப் பயனும் இருந்திருக்காது. சோதனை ஏற்றும் துறைமுகத்திலேயே நடந்தாக வேண்டும்.

அன்றைய அமெரிக்கச் சுங்க ஆணையர் ராபர்ட் பானர் முன்வைத்த வாதம் இதுதான். அமெரிக்காவுக்கு மிகுதியாகச் சரக்கு அனுப்பும் இருபது பெரிய துறைமுகங்களை முதலில் பிடித்தால், வரும் கொள்கலன்களில் மூன்றில் இரண்டு பங்கு அதற்குள் அடங்கிவிடும் என்பது கணக்கு. 2002 மார்ச்சில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ், மான்ட்ரியல், வான்கூவர் துறைமுகங்களிலும், செப்டம்பரில் ராட்டர்டாமிலும் வேலை தொடங்கியது. 2003இல் சிங்கப்பூர், யோகோஹாமா, ஹாங்காங், டர்பன் என்று பட்டியல் நீண்டது.

செயல்முறையில் தாள் முதலில் வருகிறது. அமெரிக்கா செல்லும் கப்பலில் கொள்கலன் ஏற்றப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சரக்குப் பட்டியலை, துறைமுக வழக்கில் சொன்னால் மேனிஃபெஸ்டை, கப்பல் நிறுவனம் அமெரிக்கச் சுங்கத்துக்கு மின்வழி அனுப்பியாக வேண்டும் என்ற விதி 2002 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, 2003 பிப்ரவரி முதல் கண்டிப்பாக அமலானது. கப்பல் கரையை நெருங்கும்போது பட்டியல் கொடுத்துப் பழகிய தொழிலுக்கு இது பெரிய அதிர்ச்சி. நேரத்தைவிட அதிகமாக உறுத்தியது சொற்களில் வந்த கட்டுப்பாடு. பில் ஆஃப் லேடிங்கில், அதாவது சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டில், ‘செட் டு கன்டெய்ன்’ என்று போடுவது கப்பல்காரர்களின் நெடுங்கால வழக்கம்: உள்ளே இது இருப்பதாக அனுப்புநர் சொல்கிறார், நாங்கள் பார்க்கவில்லை, எங்களுக்குப் பொறுப்பில்லை என்பது அதன் உட்பொருள். அதேபோல் பலசரக்கு, பொதுச்சரக்கு என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் பட்டியல்களும் ஏராளம். புதிய விதி இவற்றை ஏற்க மறுத்தது. துணியா, எந்தத் துணி. இயந்திரமா, எந்த இயந்திரம் என்று எழுதாவிட்டால் ஏற்றாதே என்ற உத்தரவு வந்துவிடும். சரக்கு அனுப்பும் முகவர்களின் அலுவலகங்களில், ஊர் பேர் தெரியாத வாடிக்கையாளரின் சரக்கு என்ன என்று தொலைபேசியில் விசாரிக்கும் வேலை கூடியது அப்போதிருந்துதான். 2009 சனவரியில் ‘பத்து கூட்டல் இரண்டு’ (10+2) என்று தொழிலில் அழைக்கப்படும் விதி சேர்ந்தது: இறக்குமதியாளர் பத்து விவரங்களும், கப்பல் நிறுவனம் கப்பலில் பெட்டிகள் அடுக்கப்படும் வரைபடத்தையும் பெட்டியின் நடமாட்டச் செய்திகளையும் தர வேண்டும். பொருளைத் தயாரித்தவர் யார், பெட்டியில் அடைத்த இடம் எது என்பனவும் அந்தப் பத்தில் அடங்கும்.

இந்த விவரங்களை ஒரு தானியங்கி முறை பழைய பதிவுகளோடும் உளவுத் தகவல்களோடும் ஒப்பிட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் மதிப்பெண் போடுகிறது. முதன்முறையாக அனுப்பும் நிறுவனம், வழக்கத்துக்கு மாறான பாதை, எடைக்கும் பொருளுக்கும் பொருந்தாமை போன்றவை மதிப்பெண்ணைக் கூட்டும் என்று ஊகிக்கலாம். உண்மையான விதிகள் வெளியிடப்படுவதில்லை. மதிப்பெண் உயர்ந்த பெட்டியைப் பற்றி, அயல்துறைமுகத்தில் அமர்ந்திருக்கும் அமெரிக்கச் சுங்கக் குழு அந்நாட்டுச் சுங்கத்திடம் பேசுகிறது.

இங்கே அமெரிக்க அதிகாரியிடம் துப்பாக்கியும் இல்லை, சோதனையிடும் அதிகாரமும் இல்லை. அவர் கேட்கலாம், உடனிருந்து பார்க்கலாம். பெட்டியை யார்டிலிருந்து எடுத்துவரச் சொல்வதும், ஸ்கேன் செய்வதும், தேவைப்பட்டால் சீலை வெட்டித் திறப்பதும் அந்நாட்டு அதிகாரியின் உரிமை. மறுப்பு வந்தால் அமெரிக்கத் தரப்புக்கு மிஞ்சுவது ஓர் ஆயுதம்தான்: அந்தப் பெட்டியை ஏற்ற வேண்டாம் என்று கப்பல் நிறுவனத்துக்கு உத்தரவிடுவது. நடைமுறையில் அதுவரை போவது அரிது. உள்ளூர் அதிகாரி, ‘இந்த ஏற்றுமதியாளரை எங்களுக்குப் பத்து ஆண்டுகளாகத் தெரியும், இவர் அனுப்புவது தேயிலைதான்’ என்று சொல்வதே பல நேரங்களில் ஐயத்தைத் தீர்த்துவிடும். காகிதத்தில் ‘பரஸ்பரம்’ என்ற சொல்லும் உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தித் தம் அதிகாரிகளை அமெரிக்கத் துறைமுகங்களில் அமர்த்தியவை கனடாவும் ஜப்பானும் மட்டுமே. மற்றவர்களுக்கு அது மரியாதைக்கான சொல்லாகவே நின்றது.

உறவுகளில் உரசலும் இல்லாமல் போகவில்லை. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவை வாஷிங்டனோடு தனித்தனியே உடன்பாடு செய்துகொண்டதும், சுங்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது அதிகாரத்துக்கு உட்பட்டது என்றும், சேராத துறைமுகங்களிலிருந்து சரக்கு சேர்ந்த துறைமுகங்களுக்கு ஓடிவிடும் என்றும் கூறி ஐரோப்பிய ஆணையம் 2003இன் தொடக்கத்தில் தன் சொந்த உறுப்பு நாடுகள் மேலேயே நடவடிக்கை தொடங்கியது. 2004 ஏப்ரலில் ஒன்றியமும் அமெரிக்காவும் பொதுவாக ஓர் உடன்பாடு செய்துகொண்ட பிறகே அது ஓய்ந்தது. அதே காலத்தில் பன்னாட்டு விதிகளும் உருவாயின. துறைமுகத்துக்கும் கப்பலுக்குமான ஐஎஸ்பிஎஸ் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உலகச் சுங்க அமைப்பு 2005 சூனில் ‘சேஃப்’ என்ற தரக் கட்டமைப்பை ஏற்றது. முன்கூட்டியே மின்தகவல், ஏற்றும் இடத்தில் சோதனை என்று ஒரு நாடு தனக்காக வகுத்த முறையே சில ஆண்டுகளில் உலகச் சுங்கங்களின் பொது இலக்கணமாகிவிட்டது.

இம்முறை எவ்வளவு தூரம் பலித்தது என்பதற்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகமே நல்ல சான்று. அதன் 2005ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இத்திட்டத் துறைமுகங்கள் வழியே வந்த சரக்கில் ஏறத்தாழ 35 விழுக்காடு, ஆள் பற்றாக்குறையால் இடர் அளவிடப்படாமலே போயிருந்தது. சோதிக்கச் சொல்லிக் கேட்கப்பட்ட கொள்கலன்களில் 28 விழுக்காடு அங்கே சோதிக்கப்படவில்லை. நேரடி மறுப்பு மிகக் குறைவு. கூடுதல் தகவல் கிடைத்ததால் ஐயம் தீர்ந்தது, பெட்டி அதற்குள் கப்பல் ஏறிவிட்டது போன்றவையே மற்ற காரணங்கள். 2013இல் அதே அலுவலகம் இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னது: இடர் மிகுந்தவை என்று கருதப்படும் துறைமுகங்களில் ஏறக்குறைய பாதியில் இத்திட்டம் இல்லை, திட்டம் உள்ள துறைமுகங்களில் ஐந்தில் ஒன்றோ இடர் குறைந்த இடம். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அழைத்தால் சம்மதிக்கும் நாடுகள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒழுங்கான நிர்வாகம் உடையவை. அயல்நாட்டு அதிகாரிகளை அமர்த்த மறுக்கும் நாட்டிலும், அவர்கள் பாதுகாப்பாகத் தங்க முடியாத நாட்டிலும் திட்டம் எப்படிப் போய்ச் சேரும்?

இயந்திரங்களின் எல்லையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஏபிசி தொலைக்காட்சியின் செய்தியாளர்கள் 2003இல் 6.8 கிலோ எடையுள்ள செறிவு நீக்கிய யுரேனியத்தைத் தேக்குப்பெட்டி ஒன்றில் வைத்து ஜகார்த்தாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கணினி அந்தக் கொள்கலனைச் சரியாகவே ஐயத்துக்குரியது என்று குறித்தது, ஸ்கேனும் நடந்தது, யுரேனியம் மட்டும் அகப்படவில்லை. வாழைப்பழம், பூனைக்கழிவுக்கான மண், உரம், கிரானைட் எல்லாம் கதிர்வீச்சுக் கருவியை ஒலிக்கச் செய்யும். ஈயத்தால் மூடிய ஆபத்தான பொருளோ அமைதியாகக் கடந்துவிடக் கூடும்.

இருந்தும், தேர்ந்தெடுத்துச் சோதிப்பது போதாது, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்க என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2007இல் சட்டம் இயற்றியது. 2012 சூலை 1க்குள், அமெரிக்கா வரும் ஒவ்வொரு கொள்கலனும் அயல்துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்யப்பட்டிருக்க வேண்டும். முன்னோட்டமாக பாகிஸ்தானின் காசிம், ஹோண்டுராசின் புவெர்த்தோ கோர்த்தேஸ், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகங்களில் முழுச் சோதனை தொடங்கியது. ஹாங்காங், தென்கொரியாவின் பூசான், ஓமானின் சலாலா ஆகியவற்றில் அளவோடு நடந்தது. சரக்கு குறைந்த துறைமுகங்களில் 54 முதல் 86 விழுக்காடு வரை ஸ்கேன் செய்ய முடிந்தது. பெரிய துறைமுகங்களில் சராசரி 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் ஜானெட் நப்பாலிட்டானோ 2009இல் நாடாளுமன்றக் குழுவிடம், 700க்கு மேற்பட்ட துறைமுகங்களில் பெட்டிகள் கடந்து செல்லும் 2,100 பாதைகளில் ஸ்கேன் கருவிகள் வைக்க, பாதைக்கு 80 லட்சம் டாலர் என்ற கணக்கில் 1,600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்றார். 2012இல் காலக்கெடு இரண்டு ஆண்டு தள்ளிப்போடப்பட்டது. பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே தள்ளிப்போயிற்று. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை நிறைவேற்றப் போவதாக இப்போது யாரும் பேசுவதில்லை.

பெரிய துறைமுகங்களில் ஏன் 5 விழுக்காடு? செலவைக் காட்டிலும் ஆழமான காரணம் டிரான்ஷிப்மென்ட், அதாவது கப்பலுக்குக் கப்பல் மாறும் சரக்கு. ஸ்கேனரைத் துறைமுக வாயிலில் நிறுத்துவது எளிது. உள்ளே வரும் ஒவ்வொரு லாரியும் அதன் ஊடே போயாக வேண்டும். ஆனால் கடலிலிருந்து வந்து கடலுக்கே திரும்பும் பெட்டிக்கு வாயில் என்பதே இல்லை. கிரேன் இறக்குகிறது, யார்டு வண்டி இழுத்துப் போய் ஐந்து அடுக்குக்குள் எங்கோ வைக்கிறது, சில மணி நேரத்தில் இன்னொரு கிரேன் ஏற்றுகிறது. அதை மட்டும் உருவியெடுத்து ஸ்கேன் கூடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்புவது என்றால் மேலே உள்ள பெட்டிகளை இடம் மாற்ற வேண்டும். பெர்த்தில், அதாவது கப்பல் கட்டி நிற்கும் இடத்தில், கப்பல் காத்திருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம். ஒரு பெட்டிக்கு இதைச் செய்யலாம். ஆயிரம் பெட்டிக்குச் செய்தால் அந்தத் துறைமுகத்தை விட்டுக் கப்பல்கள் வேறிடம் போய்விடும்.

கொழும்பின் நிலை இதுதான். அங்கே 2024இல் கையாளப்பட்ட சரக்கு, இருபதடி அலகுக் கணக்கில் 77 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி டிரான்ஷிப்மென்ட், அதிலும் கணிசமான பங்கு இந்தியச் சரக்கு. இலங்கை 2003 சூனில் உடன்பாட்டில் கையொப்பமிட்டது. 2005 செப்டம்பரில் கொழும்பில் திட்டம் இயங்கத் தொடங்கியது. கதிர்வீச்சுக் கண்காணிப்புக்காக அமெரிக்க எரிசக்தித் துறை நடத்திய மெகாபோர்ட்ஸ் திட்டத்திலும் அது சேர்ந்தது. அந்தக் காலத்தை நினைவிற்கொண்டால் காரணம் விளங்கும். 2001 சூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும் கொழும்புக்கு வரும் கப்பல்களின் போர் அபாயக் காப்புறுதிக் கட்டணம் தாவி ஏறியது, கப்பல்கள் தயங்கின. அமெரிக்கச் சுங்கமே வந்து அமர்ந்திருக்கும் துறைமுகம் என்ற பெயர் அத்தகைய துறைமுகத்துக்கு ஒரு நற்சான்றிதழ். இன்று அதே துறைமுகத்தின் மிகப் பெரிய முனையங்களில் ஒன்றைச் சீன நிறுவனம் நடத்துகிறது. அதன் பக்கத்திலேயே அதானி குழுமத்தின் பங்கோடு இன்னொன்று 2025 ஏப்ரலில் செயற்படத் தொடங்கியது. அங்கே ஏறும் பெட்டிகளின் பட்டியலை வர்ஜீனியா படித்துக்கொண்டிருக்கிறது.

நெரிசலும் சோதனையும் ஒன்றை ஒன்று தின்பதை இலங்கை மக்கள் தம் சொந்த இறக்குமதியிலேயே கண்டார்கள். 2025 சனவரியில் துறைமுக நெரிசலைக் குறைப்பதற்காக 323 கொள்கலன்கள் பௌதீகப் பரிசோதனை இன்றி விடுவிக்கப்பட்டமை மாதக்கணக்கில் அரசியல் சர்ச்சையாக நீடித்தது. ஏற்றுமதியில் அமெரிக்கா கேட்கும் பெட்டிக்குக் கிடைக்கும் கவனம் தம் நாட்டுக்குள் வரும் பெட்டிக்கும் கிடைக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் அது தவறான கேள்வி அன்று.

ஐயத்துக்குரிய பெட்டியைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பன்னாட்டு ஒத்துழைப்பு இன்னும் தடுமாறுகிறது. 2010 சூலையில் சவுதி அரேபியாவிலிருந்து செம்புக் கழிவோடு வந்த கொள்கலன் ஒன்று இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் கடுமையான கதிர்வீச்சைக் கக்கியது. அனுப்பியவர், கப்பல் நிறுவனம், துறைமுகம், அரசு என்று பொறுப்பு கைமாறிக்கொண்டிருக்க, பெட்டி ஓராண்டு அங்கேயே தனித்து நின்றது. 2011 சூலையில் ரோபோக்களைக் கொண்டு திறந்தபோது உள்ளே இருந்தது கோபால்ட்-60 கொண்ட சிறு தண்டு. அதற்கு எதிரான உதாரணம் 2003 அக்டோபரில் நடந்தது. துபாயிலிருந்து லிபியாவுக்குச் சென்ற, ஜெர்மானிய நிறுவனத்துக்குச் சொந்தமான பிபிசி சைனா என்ற கப்பலை இத்தாலியின் தரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பி, அணுச்செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளின் பாகங்கள் இருந்த பெட்டிகளை இறக்கினார்கள். அவற்றைக் காட்டிக்கொடுத்தது ஸ்கேனரும் அன்று, மதிப்பெண்ணும் அன்று. நீண்ட கால உளவு வேலையால் எந்தப் பெட்டிகள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. கப்பல் உரிமையாளர், ஜெர்மனி, இத்தாலி எல்லாரும் உடன் நின்றார்கள்.

அணுகுண்டைத் தேடிப் போட்ட வலையில் இப்போது விழுவது பெரும்பாலும் கொக்கெய்ன். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் மட்டும் 2023இல் 116 டன் பிடிபட்டது. ஐ.நா. போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலகச் சுங்க அமைப்பும் சேர்ந்து 2004இல் தொடங்கிய கொள்கலன் கட்டுப்பாட்டுத் திட்டம் வளரும் நாடுகளின் துறைமுகங்களில் சிறு கூட்டுக் குழுக்களைப் பயிற்றுவிக்கிறது. ஆடம்பரமில்லாத இந்த வேலையின் பலன் பெரிய ஸ்கேனர்களின் பலனுக்குக் குறைந்ததன்று என்பது என் எண்ணம். கடத்தல்காரர்களும் தாளின் மதிப்பை அறிந்தவர்கள்தான். ஆன்ட்வெர்ப்பில் 2011 முதல் அவர்கள் முனையங்களின் கணினிகளுக்குள் புகுந்து, தம் பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து, உரிமையாளர் வருமுன் எடுத்துச் சென்றது 2013இல் வெளிப்பட்டது. 2021 ஏப்ரலில் தூத்துக்குடியில், மரத்தடிகள் ஏற்றிய கொள்கலனில் 300 கிலோவுக்கும் அதிகமான கொக்கெய்னை இந்திய வருவாய்ப் புலனாய்வுத் துறை கைப்பற்றியது. அந்தப் பெட்டி பனாமாவில் புறப்பட்டு, ஆன்ட்வெர்ப் வழியாகவும் கொழும்பு வழியாகவும் வந்திருந்தது.

இந்தியா இத்திட்டத்தைப் பற்றி நெடுங்காலம் பேசியும், அதன் முதல் இருபது ஆண்டுகளில் எந்த இந்தியத் துறைமுகமும் பட்டியலில் சேரவில்லை. அயல்நாட்டு அதிகாரி நம் துறைமுகத்தில் அமர்வதா என்ற இறையாண்மைக் கேள்வி இங்கே எப்போதும் கனமானது. அதற்குப் பதிலாக வேறு வழி எடுக்கப்பட்டது: தொழிற்சாலையிலேயே அடைக்கப்படும் ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு 2017 முதல் மின்னணு சீல், நம்பகமான வணிகர்களை இருநாட்டுச் சுங்கங்களும் ஏற்பதற்கு 2021இல் அமெரிக்காவோடு ஓர் உடன்பாடு. தென்னிந்தியச் சரக்கு கொழும்பில் கப்பல் மாறும்வரை, இந்தியா திட்டத்தில் சேராமலே அச்சரக்கு அதன் சோதனைக்குள் வந்துவிடுகிறது. 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் அந்தச் சரக்கைக் கொழும்பிலிருந்து தன் பக்கம் திருப்புவதற்கென்றே கட்டப்பட்டது. தாய்க்கப்பல் அங்கிருந்தே நேராகப் புறப்படும் நாளில், 24 மணி நேர விதிப்படி தாள் வழக்கம்போல் வர்ஜீனியா போகும்; பெட்டியைப் பற்றிக் கேள்வி எழுந்தால், உடனிருந்து பார்க்க அமெரிக்க அதிகாரி இல்லாத கேரளக் கரையில் இந்தியச் சுங்க அதிகாரியே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.